குதிரை வாங்கிய நாடு



போரை விளையாட்டாக ஆடிப் பார்ப்பது நம் நாட்டார்க்குப் புதிய வழக்கமன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் 64 கட்டங்களுக்குள் அடக்கிச் சதுரங்கம் எனப் பெயரிட்டு உலகுக்கு வழங்கியது பாரத நாடே. அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபு நாடு சென்று, ஐரோப்பாவை அடைந்து பல மாறுதல்களைப் பெற்றது. அமைச்சன் அரசியானான், யானையின் நடையும் வேறாயிற்று. குதிரையின் நடையோ பழையபடியே நிலைத்து நின்றது. இன்றும் இடையில் நிற்கும் காய்களைத் தாண்டிச் செல்லும் உரிமை அக்குதிரை ஒன்றுக்கே உண்டு.

இந்நாளில் அந்தச் சதுரங்கப் பலகை கணிப்பொறித் திரையாக விரிந்துள்ளது. நம் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிப் பாடம் முடிந்ததும் அத்திரையின்முன் அமர்ந்து நாடுகளை ஆக்குகின்றனர், அழிக்கின்றனர். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்னும் ஆட்டத்தின் இரண்டாம் பகுதி 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் உருவாயிற்று. கால் நூற்றாண்டு கடந்தும் அதனை ஆடுவோர் குறையவில்லை. யாம் இருப்புப்பாதையில் எழுத்தர் வேலை பார்ப்பவர்; பத்தாம் வகுப்பின் எல்லையைத் தாண்டிப் படித்தவரல்லர். எனினும் பிள்ளைகள் எதில் மனத்தைச் செலுத்துகின்றனரோ அதனைப் பெரியோரும் ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று என்பது எமது கொள்கை. ஆதலின் இத்திங்கள் அவ்வாட்டத்தில் வரும் ஒரு படையைக் குறித்து, அதாவது இலகு குதிரைப்படையைக் குறித்து, எழுதத் துணிந்தோம்.

ஆட்டத் தொடக்கத்தில் நாடு இருளில் மூழ்கியிருக்கும். ஒருவரிடம் சில குடிமக்களும் ஓர் ஊர்மன்றமும் ஒரு வேவுக்காரக் குதிரை வீரனும் மட்டுமே இருப்பர். அக்குதிரை ஓடிய இடமெல்லாம் திரையில் ஒளி பெறும். ஆடு எங்கே மேய்கின்றது, பொன் எங்கே கிடக்கின்றது, பகைவன் எத்திசையில் குடியேறியுள்ளான் என்பதெல்லாம் அவன் கண்டு சொன்னால்தான் தெரியும். காலம் செல்லச் செல்ல அந்த வேவுக்காரனே பயிற்சி பெற்று இலகு குதிரை வீரன் ஆகின்றான்.

கனத்த கவசம் பூண்ட குதிரை வீரன் ஒருவனைத் திரட்டுவதற்கு உணவு 60-உம் பொன் 75-உம் செலவாகும். இலகு குதிரை வீரனுக்கோ உணவு 80 போதும். பொன் ஒரு குன்றிமணியும் வேண்டுவதில்லை. அதற்கேற்ப உடல் வலியும் குறைவு. முன்னவனுக்கு 100 பங்கு உயிர் என்றால் இவனுக்கு 60 பங்கே. ஈட்டி ஏந்திய காலாட்களின் வரிசைமீது இவனை ஏவினால் நொடியில் மாய்வான். ஆனால் காவலற்ற தோட்டத்தில் புகுந்து குடிகளைக் கலைக்கவும், கல்லெறி பொறிகளைச் சூழ்ந்து உடைக்கவும், பகைவனின் துறவியரைத் துரத்தவும் இவனைப்போல் வல்லவர் இலர். நீண்ட போரில் நாட்டின் பொன் முழுதும் தீர்ந்துவிட்ட பின்னர், உழவன் விளைத்த உணவைக் கொண்டே திரட்டக்கூடிய படை என்பதால் இறுதியில் எல்லாரும் நாடுவதும் இவனைத்தான்.

எம் தொழிலைக் கொண்டு சொல்வதாயின், இருப்புப்பாதையில் டிராலி வண்டி எவ்வாறோ படையில் இலகு குதிரை அவ்வாறு. அது சரக்கு இழுப்பதில்லை; பயணிகளை ஏற்றுவதில்லை. பாதையின் நிலையைக் கண்டு வந்து சொல்லுகின்றது. அது கண்ட செய்தியை நம்பியே பின்னால் பெருவண்டி ஓடுகின்றது.

இது நிற்க. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவ்வாட்டத்தில் 'திராவிடர்' என்னும் புதிய இனம் சேர்க்கப்பட்டது. இராசேந்திர சோழனின் படையெடுப்புகள் தனிக் கதையாக அமைக்கப்பட்டன. நம் பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் பாறசாலையிலிருந்து குடிபெயர்ந்து எம் அண்டையில் வாழும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், ஆடிப் பார்த்துவிட்டு வாடிய முகத்துடன் எம்மிடம் வந்தான்.

"மாமா, எல்லாருக்கும் நல்ல குதிரை குடுத்திருக்கான். நம்ம ஆளுவளுக்கு மட்டும் ஏன் நொண்டிக் குதிரை?" என்றான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. அந்த இனத்திற்குக் கவசக் குதிரைப்படை வழங்கப்படவில்லை. இலகு குதிரை உண்டு. அதன் அடுத்த உயர்நிலை இல்லை. பிறருடைய குதிரைகளுக்கு உயிர்வலியைக் கூட்டும் நல்லினப் பெருக்கம் என்னும் ஆய்வும் வெளிவந்த காலத்தில் இவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அதற்கு ஈடாகக் காலாட்படைக் கூடத்தின் ஆய்வுகள் பாதிச் செலவில் கிடைத்தன. கடற்படையும் யானையும் சுருள்வாள் வீரரும் கிடைத்தனர். அச்சுருள்வாளைத்தான் நம் எல்லைப்புறக் களரிகளில் உருமி என்பர்.

இதனைக் கேட்ட பெரியோர் இரு வகையாக விடையிறுப்பர். அயல்நாட்டான் நம்மை இழிவு செய்துவிட்டான் எனச் சினங்கொள்வோர் ஒரு சாரார். விளையாட்டுத்தானே, அதில் என்ன உண்மை இருக்கிறது எனத் தள்ளிவிடுவோர் மற்றொரு சாரார். இவ்விரு விடையும் பிள்ளையின் வினாவுக்கு விடையாகா. குதிரை நம்மிடம் ஏன் குறைவாயிருந்தது என்பதே அவன் கேட்ட வினா. அதற்கு வரலாற்றில் தெளிவான விடை உண்டு.

தமிழ்நாடு குதிரை விளைந்த நாடன்று. குதிரை வாங்கிய நாடு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்னும் வணிகர் இடம்பெறுகின்றனர். அவருள் மலைமண்டலத்தார், அதாவது இன்றைய கேரளப் பகுதியினர், உண்டு என்பது எல்லைப்புறத்தாராகிய நமக்குச் சுவையான செய்தி. பாண்டியன் தன் அமைச்சரிடம் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கி வரக் கடற்றுறைக்கு அனுப்பிய கதையை மாணிக்கவாசகர் வரலாற்றில் சிறு பிள்ளைகளும் அறிவர். நரி பரியானது இறைவன் திருவிளையாடல். ஆனால் பரி வாங்கப் பொன்னுடன் துறைமுகம் செல்லும் வழக்கம் அந்நாட்டின் நடைமுறை.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ எழுதியதைப் படித்தால் நெஞ்சு பதறும். இந்நாட்டில் குதிரை பிறப்பதில்லை. ஆண்டுதோறும் அரசன் 2,000-க்கு மேல் குதிரை வாங்குகின்றான். அவன் உடன்பிறந்த அரசரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் 100 குதிரையும் எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை எனக் குறித்துள்ளார். முத்துக் குளித்தும் மிளகு விற்றும் சேர்த்த பொன், கப்பல் கப்பலாக வந்த குதிரைகளுக்காகக் கடல் கடந்து சென்றது.

அக்குதிரைகள் ஏன் மாண்டன? ஈரம் கலந்த வெப்பம் அவற்றிற்கு ஒவ்வவில்லை. அரேபியாவிலும் பாரசீகத்திலும் உண்ட புல்லும் தானியமும் இங்குக் கிடைக்கவில்லை. சமைத்த சோறும் இறைச்சியும் ஊட்டினர் என்கின்றார் மார்க்கோ போலோ. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றை அவரே எடுத்துரைக்கின்றார். குதிரைக்கு இலாடம் கட்டவும் மருத்துவம் பார்க்கவும் அறிந்தவர் இந்நாட்டில் இலர்; குதிரை கொணரும் வணிகர், அத்தொழில் அறிந்த எவரையும் தம்முடன் அழைத்து வருவதில்லை; பிறர் வருவதையும் தடுத்துவிடுகின்றனர்; குதிரை மாண்டால்தானே அடுத்த ஆண்டும் விலையாகும் என்பது அவர்தம் எண்ணம்.

நேயர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திக்க வேண்டுகின்றோம். விலை கொடுத்துப் பொருளை வாங்கினர். பொருளைக் காக்கும் தொழிலை வாங்கவில்லை. பரி வந்தது, பரிநூல் வரவில்லை. ஆதலின் ஆண்டுதோறும் அதே பொன்னை அதே துறைமுகத்தில் அதே வணிகர் கையில் கொட்ட நேர்ந்தது. நம் பிள்ளை வருந்திய நொண்டிக் குதிரையின் கதை இதுதான். ஆட்டத்தை அமைத்தவர் நம்மை இழிவு செய்தாரல்லர். வரலாற்றில் இருந்ததொரு குறையை விளையாட்டின் விதியாக எழுதினார்.

அக்குறை எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்கு வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1780-ஆம் ஆண்டில் மைசூர் ஹைதர் அலி கருநாடகச் சமவெளியில் இறங்கினார். அவருடைய இலகு குதிரைப்படை ஊர்களை எரித்தது. வைக்கோலையும் தானியத்தையும் அழித்தது. ஆங்கிலேயப் படைக்கு உணவும் செய்தியும் எட்டாதபடி சூழ்ந்து திரிந்தது. காஞ்சிபுரத்தில் நின்ற மன்றோவின் பெரும்படை, சில மைல் தொலைவில் இருந்த பெய்லியின் படையோடு கூட முடியாமற் போயிற்று. செப்டம்பர் 10-ஆம் நாள் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. திறந்த வெளியில் குதிரை இல்லாதவன் கண்ணில்லாதவன் ஆகின்றான்.

சமவெளியின் நிலை அது. நம் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியின் நிலை வேறு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப்பாதை 1979-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என்று வரும் நிலையங்களை வண்டியில் இருந்தபடி பார்த்தவர்க்கு யாம் சொல்ல வருவது எளிதில் விளங்கும். பாதை மேட்டை வெட்டிச் செல்லும்; அடுத்த கணம் பள்ளத்தின்மேல் செல்லும். ஒருபுறம் வாழைத்தோட்டம், மறுபுறம் சேற்று வயல். இடையிடையே கல்லடுக்கிய கையாலையும் வேலியும். நெய்யாறும் அதன் சிற்றோடைகளும் குறுக்கிடும். இந்நிலத்தில் குதிரைப்படை எங்கே பரந்து பாயும்? திருநெல்வேலிச் சமவெளியிலிருந்து திருவிதாங்கூருக்குள் பெரும்படை எளிதாக நுழையத் தகுந்த கணவாய் ஆரல்வாய்மொழி. ஆதலால்தான் அங்கே மதில் எழுப்பிக் காத்தனர்.

நெய்யாற்றின்கரைக் கிருட்டிணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலா எனப்படும் பழம்பலாவின் அடிமரம் காக்கப்பட்டு வருகின்றது. எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மர் அப்பலாவின் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிச் செய்தி. பிற நாட்டு அரசரின் கதையில் விரைந்தோடும் குதிரை அவர் உயிரைக் காக்கும். நம் எல்லைப்புறத்துக் கதையில் ஒரு பலாமரம் காத்தது. நிலத்திற்கேற்ற கதை அன்றோ!

ஆயினும் குதிரையே வேண்டாம் என்று அவ்வரசர் இருந்துவிட முடியவில்லை. உள்நாட்டுத் தலைவரை அடக்க வலியற்றிருந்த வேணாட்டரசர் இராமவர்மர் 1726-இல் திருச்சிராப்பள்ளி சென்று மதுரை நாயக்கருடன் உடன்படிக்கை செய்தார். அதன்படி 1,000 குதிரையும் 2,000 காலாளும் கூலிக்கு வந்ததாகத் திருவிதாங்கூர் வரலாற்றை 1878-இல் வெளியிட்ட சங்குண்ணி மேனோன் எழுதுகின்றார். பாண்டியர் குதிரையை விலைக்கு வாங்கினர். வேணாட்டார் குதிரையை வாடகைக்கு வாங்கினர். இரண்டும் பொன்னை இறைத்துப் பிறர் கையை எதிர்பார்த்த வழியே.

இதன்பின் நிகழ்ந்ததே பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க பகுதி. 1741 ஆகஸ்டு 10-ஆம் நாள் குளச்சலில் டச்சுக்காரர் தோற்றனர். அப்போரையொட்டிச் சிறைப்பட்டவருள் டிலனாய் என்பவர் ஒருவர். மார்த்தாண்ட வர்மர் அவரிடம் பொருளைக் கேட்டாரல்லர், தொழிலைக் கேட்டார். நம் நாட்டு வீரருக்கு அணிவகுப்பையும் துப்பாக்கிப் பயிற்சியையும் கோட்டை கட்டும் முறையையும் கற்பிக்கச் செய்தார். சிறைக் கைதியாக வந்தவர் வலிய கப்பித்தான் என்னும் பெயருடன் படைத்தலைவராக உயர்ந்தார். 1777-இல் அவர் மறைந்தார். தக்கலைக்கு அருகில் உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் இலத்தீன் மொழியோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் கற்பித்த தொழில் அவரோடு மாயவில்லை. அவர் மேற்பார்வையில் வட எல்லையில் எழுந்த நெடுங்கோட்டை, ஏறத்தாழ 30 மைல் நீண்ட மண்மதில். மதிலின்முன் அகழியும், குதிரை புக முடியாத முள்வேலியும் அமைந்தன. ஹைதரின் மகன் திப்பு சுல்தான் 1789 டிசம்பர் 29-ஆம் நாள் அதனைத் தாக்கியபோது, திருவிதாங்கூர் வீரர் அத்தாக்குதலை முறியடித்தனர். 1790-இல் பீரங்கிகளுடன் மீண்டும் வந்து அவர் மதிலை உடைத்தார் என்பதும் உண்மையே. ஆனால் அதற்குள் மாதங்கள் சென்றன, மழைக்காலம் நெருங்கியது, ஆங்கிலேயரும் போரில் இறங்கினர், திப்பு திரும்பிச் செல்ல நேர்ந்தது. குதிரை இல்லாத நாடு, குதிரையைத் தடுக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டதால் பெற்ற பயன் இது. 1,000 குதிரையை வாடகைக்குக் கொணர்ந்த நாளினின்றும் இந்நாள்வரை 63 ஆண்டுகளே. ஒரு தலைமுறை மனம் வைத்துக் கற்றால் எத்துணை மாறுதல் விளையும் என்பதற்கு நம் வீட்டு வாயிலிலேயே சான்று உள்ளது.

குதிரைமீது நமக்கிருந்த ஆசை மட்டும் குன்றவில்லை. ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து நிறுத்தினோம். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் கட்டிய குதிரை மாளிகையில், கூரையின்கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்று காணலாம். விடுமுறையில் ஊர் செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுதல் நன்று.

இனி நம் குடும்பங்களுக்குரிய செய்திக்கு வருவோம். 1956 நவம்பர் முதல் நாளில் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவினர் பரந்தனர். அங்கிருந்தும் பிழைப்பின் பொருட்டுப் பலர் வெளியூர் சென்றனர். ஒவ்வொரு குடும்பத்திலும் முதலில் வெளியேறியவர் ஒருவர் இருப்பார். அண்ணனாகவோ சிற்றப்பனாகவோ அத்தையாகவோ இருக்கலாம். முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, எங்கே வேலை உண்டு, எத்தெருவில் வாடகை குறைவு, எப்பள்ளியில் தமிழ் கற்பிக்கின்றனர் என்று கண்டறிந்து ஊருக்கு எழுதியவர் அவரே. அவரிடம் பொன் இல்லை, கவசம் இல்லை, விரைந்த காலும் விழித்த கண்ணும் மட்டுமே இருந்தன. அவர் காட்டிய ஒளியில்தான் பின்னவர் வந்து குடியேறினோம். ஆட்டத்தின் இலகு குதிரையை அற்பம் என்று பிள்ளைகள் தள்ளும்போது இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

வேவு கண்டது போதாது. தொழிலையும் கைப்பற்ற வேண்டும். இன்று நம் வீடுகளில் கைப்பேசியும் கணிப்பொறியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. பழையது பழுதுற்றால் புதியது வாங்குகின்றோம்; உள்ளே யாது பழுதென்று திறந்து பார்ப்பவர் அரியர். பாண்டியர் துறைமுகத்தில் நடந்ததும் இதுவே. வணிகன் குதிரையை விற்பான். இலாடம் கட்டும் கலையைத் தானாகக் கொண்டுவந்து தரமாட்டான். அதனைக் கேட்டுப் பெறுதல் வாங்குபவன் கடமை.

ஆதலின் பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றோம். பிள்ளை போர் விளையாட்டில் அமர்ந்திருக்கும்போது அதனைப் பறித்துவிட வேண்டா. அளவு வகுத்துக் கொடுங்கள். ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் அருகில் அமர்ந்து, இப்படைக்கு ஏன் இத்துணைச் செலவு, அந்நாட்டுக்கு ஏன் இக்குதிரை இல்லை என்று வினவுங்கள். விடை தெரியாதவிடத்து இருவரும் சேர்ந்து நூல் தேடுங்கள். வளர்ந்த பிள்ளையாயின், இவ்வாட்டத்தை எழுதிய கணிப்பொறிக் கலையைத் தானும் கற்கும்படி ஊக்குங்கள். பிறர் எழுதிய விதிப்படி ஆடுகின்றவன், ஒருநாள் விதி எழுதுகின்றவன் ஆகட்டும். அந்நாளில் நம் குதிரைக்கு எத்துணை வலிமை என்பதை அவனே உண்மை வழுவாமல் எழுதுவான்.